ஒரே வளவு, தனித்தனி அடுப்பு

மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று சொல்லும்போது தமிழ்க் குடும்பங்களில் குரல் தாழ்ந்துவிடுகிறது. நடக்கக் கூடாதது ஏதோ நடந்துவிட்டது போலவும், மருமகள் வந்த வேளைதான் காரணம் என்பது போலவும் உறவினர் பேசிக்கொள்கிறார்கள். ஒரே அடுப்பில் உலை கொதித்த வரை அன்பு இருந்தது, பக்தி இருந்தது, பெரியவர்களுக்கு மரியாதை இருந்தது. அடுப்பு இரண்டானதும் எல்லாம் போயிற்று என்று பட்டிமன்ற மேடையும் தொலைக்காட்சித் தொடரும் ஓயாமல் சொல்லிவருகின்றன. இந்த நம்பிக்கை சரிதானா என்று சோதித்துப் பார்க்கச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயலை ஒட்டியிருக்கிறது கண்டனூர். ரயில் நிலையத்துக்குக்கூட இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரத்தின் சொந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அதை அறிவார்கள். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் ஒன்றான அங்கே பெரிய குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. ஆனால் ஒரே அடுப்பில் சமைக்கவில்லை. பிரிந்து சமைத்ததால்தான் அவர்களால் சேர்ந்து வாழ முடிந்தது என்பதே என் கருத்து. அந்த ஏற்பாட்டில் குடும்பப் பாசத்துக்கும் தெய்வ நம்பிக்கைக்கும் தனிமனித வளர்ச்சிக்கும் ஒன்றையொன்று தாங்கும் உறவு இருந்தது. இன்று நகரத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. விட்டுவிட வேண்டியதும் உண்டு.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும், முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவரின் வழுவழுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் பேச்சுக்கு வேண்டியது வீட்டின் அழகைவிட அதன் பங்கீடு. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறைகள் சேர்ந்தது ‘இரட்டை வீடு’. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் அப்படி ஓர் இரட்டை வீடு ஒதுக்கப்பட்டது. அண்ணனுக்குப் பெரியது, தம்பிக்குச் சிறியது என்றில்லாமல் ஒரே அளவாகக் கட்டுவதுதான் வழக்கம். அறை சிறியது, காற்றோட்டமும் குறைவு. சீர்ச் சாமான்களைப் பூட்டி வைக்கவும், சாமி கும்பிடவும், கணவனும் மனைவியும் தனித்திருக்கவும் அது பயன்பட்டது. பகல் வாழ்க்கை முழுவதும் வளவிலும் பட்டாலையிலும் பொதுவாக நடந்தது. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டிலும் மூன்றாங்கட்டிலும் அடுப்படிகள். ஒரு வீட்டுக்குள் இத்தனை அடுப்பு வேண்டியிருக்கும் என்று கட்டும்போதே தெரிந்துதான் கட்டினார்கள். சண்டை வந்த பிறகு சுவர் எழுப்பிப் பிரிந்த வீடு இல்லை இது. மகன்கள் பிறக்கும் முன்பே அவர்கள் பிரியப்போவதை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட வீடு.

அந்தப் பிரிவுக்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். மணமான சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ பெற்றோரே நாள் பார்த்து, மகனையும் மருமகளையும் தனி அடுப்பு மூட்ட வைத்தார்கள். பெண் வீட்டுச் சீரில் வந்த பானை சட்டியும் வெண்கலப் பாத்திரமும் அன்றைக்குத்தான் புழக்கத்துக்கு வந்தன. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஓர் அளவு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டியது அந்த இளம் தம்பதியின் பொறுப்பு. தகப்பன் லட்சாதிபதியாக இருந்தாலும் மகனுக்கு அளவு அளவுதான். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் இந்தத் தனிச்சமையல் வழக்கம் பதிவாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது பெரியவர்கள் இதை நடத்திய விதம். பிரிவு அவமானமாக வரவில்லை, சடங்காக வந்தது. மருமகள் கேட்டுப் பெற்றதில்லை, மாமியார் கொடுத்தது. இன்று பல வீடுகளில் ஐந்து ஆண்டு மனக்கசப்புக்குப் பின், யாரோ ஒருவர் அழுது, யாரோ ஒருவர் கத்தி, கடைசியில் வாடகை வீடு தேடிப் போகிறார்கள். அந்த ஐந்து ஆண்டையும் அந்தக் கசப்பையும் வேறு வைத்தல் என்ற வழக்கம் மிச்சப்படுத்தியது.

பொறுப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால் மனிதர் வளர்கிறார் என்பதில் இந்தச் சமூகத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தொழிலிலும் அதே முறைதான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் ‘கொண்டு விற்க’ப் போன பையன் முதலில் கடையில் பெட்டியடிப் பையன்; பிறகு அடுத்தாள்; கணக்கும் மனிதர்களை எடைபோடும் திறமையும் கைவந்த பிறகு மேலாள். மூன்று ஆண்டு ஒரு தவணை. தகப்பனின் கண்பார்வைக்கு அப்பால், கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு பையன் தன் தவறுகளைத் தானே செய்து, தானே திருத்திக்கொண்டு ஆளானான். ஊரில் அவன் மனைவி அதே வயதில் தன் அடுப்படியில், ஆண்டுக்கு அளந்து கொடுத்த அரிசியை வைத்துக்கொண்டு, விருந்தாளி வந்தால் எப்படி, பிள்ளை பிறந்தால் எப்படி என்று சிக்கனம் பழகினாள். ஆச்சிமார் என்று அழைக்கப்படும் நகரத்தார் பெண்களின் நிர்வாகத் திறமையைப் பற்றிச் செட்டிநாட்டில் பேசாதவர்கள் இல்லை. அது பிறவிக் குணமாக வந்துவிடவில்லை. இருபது வயதுக்குள் ஒரு குடித்தனத்தின் வரவு செலவு முழுவதையும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, மாமியார் பத்தடி தள்ளி இன்னோர் அடுப்படியில் இருந்துகொண்டால் அந்தத் திறமை வந்துதான் தீரும். கூப்பிட்டால் வருகிற தூரத்தில் மாமியார் இருந்தார். கூப்பிடாமல் வந்து பானையைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. நாற்பது வயதிலும் மாமியாரைக் கேட்டு உப்புப் போடும் மருமகளும், அப்பாவைக் கேட்டுச் சட்டை வாங்கும் மகனும் இருக்கும் வீட்டில் பாசம் இருக்கலாம். பெரியவர்களாக யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள்.

கூட்டுக் குடும்பம் என்றால் இந்துச் சட்டம் பழையபடி மூன்றைச் சொல்லும்: உணவு, வழிபாடு, சொத்து மூன்றிலும் ஒன்றாக இருப்பது. தனியே சமைத்துச் சாப்பிடுவது ஒன்றே பாகப்பிரிவினை நடந்ததற்குச் சான்று ஆகாது என்றும் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆக, அடுப்பு வேறானால் குடும்பம் வேறாகிவிட்டது என்று சட்டமே கருதவில்லை. சமூகவியலும் இதையே வேறு வழியில் கண்டது. குஜராத்தின் மஹுவா என்ற ஊரில் குடும்பங்களை ஆராய்ந்து ஐ. பி. தேசாய் 1964இல் வெளியிட்ட நூல், தனித்தனி வீட்டில் இருந்தாலும் கடமையாலும் சடங்காலும் ஒன்றாக இயங்கும் குடும்பங்கள் எத்தனை என்று எடுத்துக் காட்டியது. ஏ. எம். ஷா 1973இல் எழுதிய நூலில், அந்தக் காலத்தில் எல்லோரும் பெரிய கூட்டுக் குடும்பமாகவே வாழ்ந்தார்கள் என்ற எண்ணமே ஆதாரமற்றது என்று வாதிட்டார். நாம் எந்தப் பொற்காலத்தை இழந்துவிட்டதாக வருந்துகிறோமோ, அது நம் கொள்ளுப்பாட்டனாருக்கும் கிடைக்காத ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். செட்டிநாடு அந்த மூன்றில் உணவை முதலிலேயே பிரித்தது. சொத்தைப் பங்கு பங்காகக் கணக்கில் வைத்தது. வழிபாட்டை மட்டும் பிரிக்கவே இல்லை.

வழிபாட்டில் அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நகரத்தார் ஒவ்வொருவரும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற 9 கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர். திருமணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மணம் முடிந்ததும் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’யாகக் கோயில் கணக்கில் ஏறுகிறார்கள். கோயிலும் ஊரும் கேட்கும் புள்ளி வரியை இனி அவர்களே தனியாகக் கட்டுவார்கள். தகப்பன் கணக்கில் ஒளிந்துகொள்ள முடியாது. புள்ளி வரி பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றே. அதாவது, மணமான அன்றே ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் தெய்வத்தின் முன் தங்கள் பெயரில், தங்கள் பொறுப்பில் நிற்கிறார்கள். நம்பிக்கையைப் பெற்றோரிடமிருந்து ஒரு சொத்து போல வாங்கி வைத்துக்கொள்ள அந்த முறை விடவில்லை. இதிலும் நுட்பமான இன்னொரு வழக்கம் உண்டு. ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறுவார்கள். கணவனின் குரு மனைவிக்கும் குரு என்று வைக்கவில்லை. குடும்பத்துக்குள்ளேயே ஒவ்வொருவரின் ஆன்மிக வாழ்வுக்கும் ஒரு தனி வாசல் இருந்தது.

தனி வாசல் வைத்தவர்கள் கூடும் இடத்தையும் வைத்தார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்துச் சேர்த்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அந்த 21 இழையையும் திரியாக்கி, மாவில் செருகி ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிறார்கள். பிள்ளையார் நோன்பு என்னும் இந்த நாளில் வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். தானாக எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை அடுப்பு இருந்தாலும் அன்றைக்கு எல்லோரும் ஒரே விளக்கின் முன் வந்து ஒரே கையை எதிர்பார்த்து நின்றாக வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நகரத்தார் சங்கங்கள் இந்த ஒரு நோன்பை விடாமல் நடத்துவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முன்னோரை வணங்கும் படைப்பும் அப்படித்தான். பல தலைமுறைக்கு முன் பிரிந்துபோன பங்காளிகள் படைப்பு வீட்டில் கூடி, மூதாதையர்க்குப் படைத்து, ஒரே பந்தியில் உண்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் காவடிப் பயணம் இதையே ஊர் அளவுக்கு விரிக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பழனியில் உப்பு விற்கப் போன நகரத்தார், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக வைத்ததிலிருந்து வளர்ந்த மரபு அது; அந்தக் காலத்து ஆவணங்களை ஆராய்ந்து டேவிட் ரட்னர் எழுதியிருக்கிறார். காவடிகள் குன்றக்குடியில் கூடி நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கின்றன. அந்த நடையை முன்னின்று நடத்தும் மரபுக் குடும்பங்களில் கண்டனூர் சாமியாடிச் செட்டியார் குடும்பமும் ஒன்று. பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மண்ணில் கால் வைத்து நடந்து, வழியில் ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள். அன்றாடம் பிரிந்து உண்கிறவர்கள் ஆண்டில் சில நாள் சேர்ந்து உண்ணும்போது அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. தினமும் சேர்ந்து உண்டு, மௌனமாகவே எழுந்து போகும் குடும்பங்களுக்கு அது தெரியாது.

இதெல்லாம் பாசமா, கணக்கா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். செட்டிநாட்டுத் திருமணத்தில் இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்படும்; நாள், ஊர், கோயில், பெயர் எல்லாம் குறித்து இரு வீட்டாரும் கையெழுத்திடுவார்கள். மொய்ப்பணம் ஏட்டில் ஏறும். எந்த விசேஷத்துக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று முறைச்சிட்டை சொல்லும். மகனுக்குக் கொடுக்கும் அரிசிக்குக்கூட அளவு. பெற்ற பிள்ளையோடு கணக்குப் பார்ப்பதா என்று மற்ற தமிழர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கணக்கு இல்லாத குடும்பம் எங்கும் இல்லை. எழுதாத கணக்குதான் உண்டு. அண்ணன் படிப்புக்கு அப்பா விற்ற நிலத்தைத் தம்பி முப்பது ஆண்டு மனத்தில் வைத்திருக்கிறார். அம்மாவுக்குச் செய்த மருத்துவச் செலவை ஒரு மகள் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. பெரியவர் கண்ணை மூடிய பதின்மூன்றாம் நாள் அத்தனை கணக்கும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்திலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் போய் முடிகிறது. எழுதிவைத்த கணக்கு நேராகிவிடும். நேரான பிறகு இருவரும் பேச வேறு விஷயம் இருக்கும். அன்பு வளர வேண்டுமானால் சந்தேகம் ஒழிய வேண்டும். சந்தேகத்தை ஒழிக்க இதுவரை மனிதர்கள் கண்டுபிடித்ததில் எழுத்தை மிஞ்சியது எதுவும் இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. பணம் இருந்தவர்களுக்குத்தானே பத்து அடுப்பு என்பது. அதற்கு மேலும் ஒரு படி போகிறேன்: அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்ததில் வந்தது. அங்கே 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போய், 1937க்குள் அது 25 விழுக்காடு ஆயிற்று. பர்மிய உழவர்கள் இழந்த நிலம் அது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது செட்டியார்கள் ஓட வேண்டியிருந்தது. 1948இல் வந்த நிலத் தேசியமயச் சட்டமும் பின்னர் 1963, 1964இல் நே வின் ஆட்சி எடுத்த நடவடிக்கைகளும் அந்த அத்தியாயத்தை முடித்தன. வளவுகளில் நிற்கும் தேக்குத் தூணைப் புகழும்போது இந்தக் கதையை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. வீட்டுக்குள் நீதியாக இருப்பது ஊருக்கு வெளியே நீதியாக இருப்பதற்கு உறுதி தராது என்பதற்குச் செட்டிநாடே சாட்சி. ஆனால் வேறு வைக்கும் முறை அந்தச் செல்வத்தால் பிறந்ததில்லை, அந்தச் செல்வத்தோடு சாகவும் இல்லை. பர்மா போன பிறகு நொடித்துப்போன வீடுகளிலும் அடுப்புகள் தனித்தனியாகவே எரிந்தன. சொல்லப்போனால் வறுமை வந்தபோதுதான் அளவு வைத்து வாழும் பழக்கம் அவர்களைத் தாங்கியது. தனி அடுப்புக்கு வேண்டியது ஒரு மூலை. மாளிகை வேண்டியதில்லை. இரண்டு அறை வீட்டிலும், உன் வரவு இது, உன் செலவு இது, அதில் நான் தலையிடமாட்டேன் என்று ஒரு தாய் சொல்லிவிட முடியும்.

பெண்களைப் பற்றிய மறுப்புக்கு என்னால் இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. மனைவி தன் அடுப்படிக்கு அரசியாக இருந்தாள் என்பது உண்மை. பிறந்த வீட்டிலிருந்து வந்த அவளுடைய பணம் அவள் பெயரில் வட்டிக்கு விடப்பட்டு வளர்ந்தது என்பதும் உண்மை. ஜப்பானிய ஆய்வாளர் யூகோ நிஷிமுரா 1998இல் நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு அதில் விஷயம் இருந்தது. ஆனால் கணவன் மூன்று ஆண்டு கடலுக்கு அப்பால் இருக்க, அவள் இளமை அந்த இருண்ட இரட்டை வீட்டில் கழிந்தது. மகனுக்கு வளவில் அறை. மகளுக்குச் சீரோடு சரி. சீர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய சுமை பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏறியது. கணவனை இழந்தவள் கோயில் கணக்கில் அரைப்புள்ளி. மனைவியை இழந்தவனும் அரைப்புள்ளிதான் என்று சமாதானம் சொல்வார்கள். அவனுக்கு மறுமணம் என்ற வழி திறந்திருந்ததையும் அவளுக்கு மூடியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

இந்தக் குறைகளை மரபு தானாகத் திருத்திக்கொள்ளவில்லை, வெளியிலிருந்து சட்டம் வந்துதான் திருத்தியது. 1989இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. மகளும் பங்காளி ஆகிவிட்டாள். இதனால் முறையே குலைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்கைக் காலத்தோடு பிரித்து எழுதிக் கொடுத்துவிடுவது என்ற பழக்கத்தில் ஊறிய சமூகத்துக்கு மகளின் பங்கையும் எழுதிக் கொடுப்பதில் கஷ்டம் இருக்கக் கூடாது. சீர் என்று பெரிதாகப் பரப்பிக் காட்டிய சாமானுக்குப் பதில் உரிமை என்று ஒரு வரி எழுதினால் போதும். கஷ்டமாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் மரபு அல்ல, மனம்.

காலத்தோடு பங்கு பிரிக்கும் இந்த முறையை மீறியதன் விளைவைக் காண வேண்டுமானால் அந்தப் பெரிய வீடுகளையே பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனால் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் வீடுகளும், சரிந்த ஓடுகளும், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை சொல்லி நிற்கும் நிலைக்கதவுகளும் வேறு செய்தி சொல்கின்றன. ஒரு வீட்டுக்கு நான்கு தலைமுறையில் பங்காளிகள் பெருகி, ஒவ்வொருவருக்கும் சில சதுர அடி உரிமை மிஞ்சி, அத்தனை பேரும் சம்மதித்தாலொழிய ஓடு மாற்றவும் முடியாது, விற்கவும் முடியாது என்ற நிலை. பாட்டனார் கட்டிய வீட்டைப் பிரிக்கலாகாது என்று பாசத்தால் விட்டுவைத்தார்கள்; அதுவே அதைக் கவனிக்க ஆளில்லாமல் செய்துவிட்டது. அடுப்பைப் பிரித்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள். வீட்டைப் பிரிக்காததால் அவர்களுடைய பேரர்கள் வக்கீல் மூலம் பேசிக்கொள்கிறார்கள். சில குடும்பங்கள் விழித்துக்கொண்டு, வீட்டை ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்து, புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் பணம் போட்டுப் பராமரிக்கின்றன. பழைய முறையை மீண்டும் கையில் எடுத்தவர்களின் வீடுதான் நிற்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனி அடுப்பு வேலை செய்ததற்குக் காரணம் அடுப்புக்கும் அடுப்புக்கும் இடையே இருந்த தூரம் சில அடி என்பதே. வயதான தாய் தனியே சமைத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு கௌரவம் இருந்தது. ஒரு வாய்க் காபிக்கு மருமகளின் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் அவர் அடுப்பு புகையவில்லை என்றால் வளவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் காலையிலேயே தெரிந்துவிடும். இன்று கண்டனூரிலும் மற்ற ஊர்களிலும் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சிமாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பெற்றோரைக் காக்கும் கடமையைச் சட்டமாக்கி 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டி வந்தது. தூரம் கூடிய இடத்தில் தனி அடுப்பு தனிமை ஆகிவிடும். ஆகவே இந்த முறையை நகரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அடுப்பை மட்டும் கொண்டுபோனால் போதாது, வளவையும் கொண்டுபோக வேண்டும். ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீடு, அல்லது அடுத்தடுத்த தெருவில் இரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் சென்னையிலும் கோவையிலும் பெருகிவருகின்றன. அவர்கள் யாரும் செட்டிநாட்டைப் பார்த்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் இல்லாதது, ஆண்டுக்கு இத்தனை நாள் எந்தச் சாக்கும் சொல்லாமல் எல்லோரும் ஒரு விளக்கின் முன் கூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். வழிபாடு அந்தக் கட்டாயத்தைத் தரும். வார இறுதியில் முடிந்தால் சந்திப்போம் என்ற ஏற்பாடு அதைத் தராது. முடியாமல் போவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

கடைசியாக, மரபுக்குள்ளேயே தீராமல் இருக்கும் ஒரு வழக்கு. சமூகத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டவர்களுக்குப் பழைய முறையில் புள்ளி இல்லை. கோயில் மாலை இல்லை. பெங்களூரிலும் லண்டனிலும் வேலை பார்க்கும் தலைமுறையில் இப்படிப்பட்ட திருமணங்கள் இனி கூடத்தான் செய்யும். புள்ளி குறையக் குறையக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கும் கைகளும் குறையும். அந்த மகனும் மகளும் நோன்பன்று அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டில் இழை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இளையாத்தங்குடியிலோ மாத்தூரிலோ அவர்கள் பெயர் கிடையாது. கட்டிக்கொண்ட பெண்ணும் மாப்பிள்ளையும் புள்ளி வரி கட்டவும், படைப்புக்கு வரவும், பெரியவர் கையால் இழை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தால், அவர்களை மறுப்பதற்கு நம்பிக்கையின் பக்கமிருந்து ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தம்பதியை ஒரு முழுப் பொறுப்பாளராக ஏற்பதுதான் இந்த முறையின் அடிப்படை என்றால், அந்தப் பொறுப்பை ஏற்க வருகிறவரிடம் எந்த வீட்டில் பிறந்தாய் என்று கேட்பது அதற்கு முரண். கோயில் கூட்டங்களும் ஊர் நகரத்தார் கூட்டங்களும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கணவனை இழந்தவளின் அரைப்புள்ளியை முழுப்புள்ளியாக எழுதுவதையும் அதே கூட்டத்தில் முடித்துவிடலாம்.